செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிருவாகக் குழுவினரே, இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு வந்திருக்கும் அங்கத்தவர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. மரண உதவிப் பணம் நிலுவையின்றிக் கொடுக்கப்பட்டது. சந்தா பாக்கி பற்றிப் பொருளாளர் சொல்வார். நான் சொன்னால் சண்டை வரும்.

விரிவாகச் சொல்ல வேண்டியது டிரையர் விஷயம். தேயிலையைச் சூடான காற்றால் உலர்த்தும் மெஷின் அது. ஹட்டன் பக்கத்துத் தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை) ஒன்றில் டிரையருக்குப் புதிய சுவிட்ச் பெட்டி பொருத்தினார்கள். விசிறியைப் போட்டதும் பச்சை விளக்கு எரியும். பெல்ட் அறுந்து விசிறி நின்றாலும் எரிந்துகொண்டே இருக்கும். அது காட்டுவது சுவிட்ச் போட்டதைத்தான், விசிறி சுற்றுவதை அல்ல. ஓர் இரவு அப்படி விசிறி நின்று தூள் அவிந்துபோனது. "ஆள் கவனிக்கவில்லை" என்று எழுதிவிட்டார்கள்.

அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28 அன்று நடந்ததும் இதே கதைதான். ஒரு வால்வுக்கு மூடும் கட்டளை போனதும் அதற்கான விளக்கு அணைந்தது. ஆனால் வால்வு திறந்தே கிடந்தது. அதைக் கண்டுபிடித்து அடைக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

சரி, வாயால் சொன்னால் எடுபடாது, அளந்து காட்டுவோம் என்று முடிவெடுத்தோம். நாசாவின் சாண்ட்ரா ஹார்ட், சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தின் லோவெல் ஸ்டேவ்லண்ட் இருவரும் 1988இல் வெளியிட்ட பணிச்சுமைப் படிவத்தைத் தமிழில் ஆக்கினோம். மன உழைப்பு, உடல் உழைப்பு, நேர நெருக்கடி, வேலை அமைந்த விதம், முயற்சி, எரிச்சல் என்று ஆறு கோடுகள். டிரையர் ஆட்கள் வேலை முடிந்த கையோடு நிரப்ப வேண்டும். தூங்கி எழுந்தால் பாதி மறந்துபோகும். ஐந்து கோடுகளில் வலது ஓரம் 'மிக அதிகம்'. 'வேலை அமைந்த விதம்' கோட்டில் மட்டும் இடது ஓரம் நன்று, வலது ஓரம் தோல்வி. "நல்லாத்தானே செஞ்சேன்" என்று பலர் வலது ஓரத்தில் குறி போட்டுவிட்டார்கள். அவர்களை உட்கார வைத்து மறுபடி கேட்க வேண்டியதாயிற்று.

உடல் உழைப்பு கீழேதான் நின்றது. மன உழைப்பும் எரிச்சலும் உச்சிக்குப் போயின. விளக்கை நம்ப முடியாமல் ஆள் அடிக்கடி எழுந்துபோய் விசிறிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வருகிறார். சில பேரின் தாளை வைத்துப் பெரிதாக எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனாலும் தாள்களை மேசையில் வைத்த பிறகே நிர்வாகம் பேச உட்கார்ந்தது. விசிறி சுற்றுவதைக் காட்டும் உணரி பொருத்த ஒப்புக்கொண்டார்கள், இன்னும் வரவில்லை.

இனி எந்த மெஷினுக்கும் ஓடர் கொடுக்குமுன், அதை ஓட்டப்போகிறவர் ஒருவர் ஓட்டிப் பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும் என்ற பிரேரணை இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. முன்மொழிய டிரையர் பகுதியினர் தயார். வழிமொழிய ஒருவர் தேவை.