புக்கித் தீமா ரயில் நிலையத் தன்னார்வலர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சக்கர நாற்காலியில் வந்த ஒரு முதியவரையும் அவருடைய மகளான என்னையும் புக்கித் தீமா பழைய ரயில் நிலையத்தில் நீங்கள் வரவேற்றீர்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய உங்கள் விளக்க உலா அன்று மூன்று மணி நேரம் நீண்டது. அதற்கு முழுக் காரணமும் என் அப்பாதான் என்பதால், மன்னிப்பு கேட்க வேண்டிய கடமையும் எனக்கு இருக்கிறது. ஆனால் இந்த மடலை நன்றி சொல்லவே எழுதுகிறேன்.

அப்பா அந்த நிலையம் இருந்த ரயில் பாதையில், ரயில்களைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக வேலை பார்த்தவர். ரயில்வே என்றோ இருப்புப் பாதை என்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு அது எப்போதும் ‘கம்பிச் சடக்கு’தான். 2011 ஜூன் 30-ஆம் தேதி இரவு, சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயிலை மலேசியாவின் ஜொகூர் சுல்தான் தாமே ஓட்டிச் சென்றபோது, வழிநெடுகிலும் மக்கள் கூடி நின்று கையசைத்தார்கள். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்த அப்பாவை நாங்கள் எவ்வளவோ அழைத்தும் அவர் வரவில்லை. அதன் பிறகு தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டதையும், 24 கிலோமீட்டர்ப் பாதை நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் உரியதானதையும் செய்தித்தாளில் படித்தாரே தவிர, ஒருமுறைகூட நேரில் போய்ப் பார்க்கவில்லை. புதுப்பிக்கப்பட்ட நிலையம் 2022 ஜூலையில் திறக்கப்பட்டபோதும், ‘ரயில் இல்லாத ஸ்டேஷனில் எனக்கென்ன வேலை?’ என்றே சொல்லிவிட்டார்.

அந்த மனிதரை நீங்கள் மூன்று மணி நேரம் பேச வைத்தீர்கள்.

கட்டடத்தைச் சீரமைத்தது அரசாங்கம். அதற்கான பாராட்டு அவர்களைச் சேரும். ஆனால் பாதை மூடப்படுவதற்கு முன்பே, 2010-இல், அதைத் துண்டு போட்டு விற்றுவிடாமல் முழுதாகக் காக்க வேண்டும் என்று சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் முன்வைத்த யோசனையும், அதை ஒட்டிக் குரல் கொடுத்தவர்கள் பொறுமையாகச் செய்த வேலையும் இல்லாமல் போயிருந்தால், சீரமைக்க அங்கே எதுவும் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே. பலர் அப்போது இதை வேலையற்றவர்களின் ஏக்கம் என்று நினைத்தார்கள். நானும் அப்படி நினைத்தவள்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

1932-இல் கட்டப்பட்ட அந்தச் சிறிய செங்கல் கட்டடம் பார்வைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. தஞ்சோங் பகாரின் உயர்ந்த கூடமும் சிற்பங்களும் அங்கே கிடையாது. அதன் பெருமை எல்லாம் அங்கே நடந்த வேலையில்தான் இருந்தது. அந்த வேலையை வந்தவர்களுக்கு விளங்க வைத்ததற்காகத்தான் உங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எதிரும் புதிருமாக வரும் ரயில்கள் ஒரே தடத்தில் மோதிக்கொள்ளாமல் இருக்க, பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் டோக்கன் என்ற அனுமதி வில்லை உண்டு; அதைக் கையில் வைத்திருக்கும் ஓட்டுநர் மட்டுமே அந்தப் பகுதிக்குள் நுழையலாம். பகுதியின் இரு முனைகளிலும் உள்ள நிலையங்களின் டோக்கன் பெட்டிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு டோக்கன் வெளியே இருக்கும்வரை மற்றொன்றை யாராலும் எடுக்க முடியாது. புக்கித் தீமாவில் இந்த முறை 2011 வரை நடப்பில் இருந்தது என்பது, எல்லாம் தானியங்கியாகிவிட்ட இந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உங்களில் இளையவரான ஒரு பெண், டோக்கனை வைத்துக் கொடுக்கும் வளையம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓடும் ரயிலுக்கு டோக்கன் எப்படிக் கொடுக்கப்பட்டது என்று விளக்கத் தொடங்கினார். அதுவரை வாய் திறக்காமல் இருந்த அப்பா, ‘அப்படிப் பிடித்தால் கை போய்விடும்’ என்றார். கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தப் பெண்ணோ சற்றும் முகம் சுளிக்காமல், ‘அங்கிள், நீங்களே காட்டுங்கள்’ என்று வளையத்தை அவரிடம் நீட்டினார். நாற்காலியிலிருந்து நான் தாங்கிப் பிடிக்க எழுந்து நின்ற அப்பா, ரயில் வரும் திசையைப் பார்த்து, வளையத்தின் அடிப்பகுதியை மட்டும் விரல்களால் லேசாகப் பற்றி, முழங்கையைத் தளர்த்திக் கையை உயர்த்தினார். ஓட்டுநரின் கை வளையத்துக்குள் நுழைந்ததும் நம் விரல்கள் தாமாக விட்டுவிட வேண்டும் என்றும், இறுக்கிப் பிடிப்பவனை ரயில் இழுத்துக்கொண்டு போய்விடும் என்றும் சொன்னார். சிக்னல் நெம்புகோல்களுக்கு அருகே போனபோது, அவற்றை வெறுங்கையால் தொடக் கூடாது, கை வியர்வை பட்டால் துருப்பிடிக்கும், எப்போதும் ஒரு துணியை வைத்துத்தான் இழுக்க வேண்டும் என்றார். இவை எல்லாவற்றையும் நீங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டீர்கள். புரியாத இடத்தில் மறுபடியும் கேட்டீர்கள். நாற்பது ஆண்டுகளாக அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த நான் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

பணியாளர் குடியிருப்பு இப்போது காப்பிக்கடையாகிவிட்டது. அதன் விலைப்பட்டியலைப் படித்துவிட்டு அப்பா சொன்னதை நீங்கள் சிரித்துக்கொண்டே மறந்துவிட்டால் நல்லது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இந்தப் பாதையில் உழைத்த தமிழர்களைப் பற்றி உங்கள் உலாவில் இன்னும் சற்று விரிவாகச் சொல்லலாம். 1903-இல் முதல் ரயில் புறப்பட்ட டேங்க் ரோடு நிலையம் தண்டாயுதபாணி கோயிலுக்கு அருகில் இருந்தது. காமன்வெல்த் டிரைவில் இன்று கம்பீரமாக நிற்கும் முனீஸ்வரன் கோயிலோ, 1932-இல் ரயில்வே தொழிலாளர்கள் பாதையோரம் ஒரு குடிசையில் தொடங்கி வைத்தது. இவற்றைச் சொல்லத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து வரும் பொறுப்பை நானும் அப்பாவும் ஏற்றுக்கொள்கிறோம். படிக்கட்டில் நாற்காலியைத் தூக்கிக் கொடுத்த இரண்டு இளைஞர்களுக்கும், வெயிலில் அப்பாவுக்குக் குடை பிடித்த பெரியம்மாவுக்கும் பெயர் கேட்டு நன்றி சொல்ல மறந்துவிட்டேன். இந்த மடலை அவர்களிடமும் காட்டுங்கள்.

அந்த உலாவுக்கு அடுத்த வாரம் நீங்கள் அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. அதே பெண், அப்பா காட்டியபடியே வளையத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, ‘முழங்கை இன்னும் கொஞ்சம் தளர வேண்டும், அடுத்த மாதம் போய்ச் சொல்லித் தருகிறேன்’ என்றார்.

நன்றியுடன்,
ஒரு பாயிண்ட்ஸ்மேனின் மகள்
சிங்கப்பூர்