காயில் வாங்குறதுக்கு முன்னாடி வோல்ட்டைப் பாரு

மச்சான்,

உன் லெட்டர் வந்துச்சு. பையனுக்கு வேலை கிடைச்சது ரொம்ப சந்தோஷம்டா, நான் விசாரிச்சேன்னு சொல்லு. எனக்கு முட்டி வலி இன்னும் விடல, ஆனா கிக்கர் மிதிக்கத் தெம்பு இருக்கு, அது போதும்.

சரி, உன் கிழட்டு வண்டிக்கு வர்றேன். கொஞ்ச தூரம் நல்லா ஓடி, சூடானதும் பொசுக்குன்னு நின்னு, ஆறுனா திரும்ப ஸ்டார்ட் ஆகுது, மெக்கானிக், பிளக்குக்குப் பொறி குடுக்கற காயில் போச்சுங்கறார்னு எழுதியிருக்க. இருக்கலாம், காயில் சூட்டுல உள்ளுக்குள்ள விட்டுப்போறது உண்டுதான். ஆனா கண்டென்சரும் (பாயிண்ட்ங்கற, காயில் கரண்ட்டை மூடித் திறந்து வெட்டற சுவிட்ச்ல பொறி பறக்காம பாத்துக்கற குட்டி டப்பா) இதே வேலையைக் காட்டும், டேங்க் மூடியில இருக்கற காத்து ஓட்டை அடைச்சாலும் இதே கூத்துதான். அதனால அடுத்த தடவ நின்ன உடனே, ஆற விடாம, மூடியத் திறந்து பாரு, புஸ்ஸுன்னு காத்து உள்ள போய் வண்டி கிளம்பிடுச்சுன்னா வயரிங்ல கையே வைக்காத. அப்படி இல்லன்னா பிளக்கைக் கழட்டி, அதோட வயர்ல மாட்டி, பெட்ரோல் வாசம் இல்லாத பக்கமா இஞ்சின்ல ஒட்ட வச்சு கிக் பண்ணு. நீலமா சுள்ளுன்னு அடிக்கணும், மஞ்சளா சோகையா வந்தாலோ வரவே இல்லன்னாலோதான் கரண்ட் பிரச்சனை. பாயிண்ட்டையும் பாத்துடு, கருகிப் போயி, மூடித் திறக்கும்போது பளிச் பளிச்சுன்னு பொறி பறந்தா எனக்கு கண்டென்சர் மேலதான் சந்தேகம்.

இப்ப முக்கியமான விஷயம். மல்டிமீட்டர்ல பீப் சத்தம் வந்துச்சு, வயர் ஓகேன்னு நிறைய பேரு விட்டுடறாங்க, அது சுத்தப் பொய்டா. பத்து இழை அறுந்து ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் பீப் அடிக்கும், ஆனா காயிலுக்கு வேணுங்கற கரண்ட்டை அது ஒழுங்கா தூக்கும்னு சொல்ல முடியாது. அதனால லோடு இருக்கும்போது, அதாவது காயில்ல கரண்ட் ஓடும்போது, வோல்ட் பாக்கணும். 12 வோல்ட் பேட்டரி ஃபுல்லா இருந்தா 12.6 கிட்ட காட்டும், சாவியப் போட்டு காயிலோட ப்ளஸ்லயும் அரை வோல்ட்டுக்கு மேல குறையாம வரணும். 10, 11னு இறங்குனா நடுவுல சாவி சுவிட்ச், இஞ்சினை அணைக்கற கில் சுவிட்ச், கனெக்டர் எதோ ஒண்ணு தின்னுது. பழைய வண்டில நான் முதல்ல கை வைக்கிறது ஹேண்டில் கழுத்துகிட்டதான், ஒவ்வொரு திருப்பத்துக்கும் அங்கதான் வயர் மடங்கி மடங்கி உள்ளுக்குள்ள அறுகும், மேல தோல் புதுசு மாதிரியே இருக்கும். வண்டிய ஸ்டாண்டுல நிறுத்தி, இஞ்சின் ஓடும்போதே ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாரு, தடுமாறுனா அங்கதான். எர்த்தையும், அதான் வண்டி பாடில மாட்டற வயரையும், விட்டுடாத, பெயிண்ட் மேலயே போல்ட்டை முறுக்கியிருப்பாங்க, சுரண்டி பளபளன்னு ஆக்கி மாட்டு.

சந்தேகம் தீரலன்னா பேட்டரி ப்ளஸ்லேர்ந்து ஃபியூஸ் போட்டு ஒரு வயரை நேரா காயில் ப்ளஸ்ஸுக்குக் குடுத்து ஓட்டிப் பாரு, அப்ப நிக்காம ஓடுச்சுன்னா காயில் பாவம், ஒண்ணும் பண்ணல. வண்டிய நிறுத்தணும்னா வயரைத்தான் புடுங்கணும், சாவி வேலை செய்யாது, மாட்டியே வச்சிருந்தா காயில் நிஜமாவே வெந்துடும். இது பாயிண்ட் வண்டிக்கு மட்டும்தான், உன் தம்பியோட சிடிஐ வண்டில (பாயிண்ட்டுக்குப் பதிலா எலக்ட்ரானிக் யூனிட் இருக்கறது) இந்த வித்தையக் காட்டிடாத, யூனிட்டே போயிடும்.

காயில் ப்ளஸ்ல எவ்ளோ காட்டுச்சுன்னு எழுது. பாயிண்ட் மூடியிருக்கும்போது எடு, திறந்திருந்தா கரண்ட்டே ஓடாது, மட்டமான வயர்ல கூட முழு வோல்ட் காட்டும்.

உன் பழைய கூட்டாளி