தேதி சொல்பவரை விடுங்கள், பவளப்பாறையைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிசம்பர் 26 வந்தால் சுனாமி நினைவுக்காக ஒரு பக்கம் ஒதுக்குகிறீர்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இந்த முறை அதே பக்கத்தின் ஓரத்தில், அடுத்த பெரிய நிலநடுக்கத்துக்கு நாள் குறித்துச் சொன்ன ஒருவரின் பேட்டியையும் போட்டிருந்தீர்கள். ஒரே மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் பறிகொடுத்த நாகப்பட்டினம் சார் இது. எங்கள் தெருவில் ஒரு அம்மா அதைப் படித்துவிட்டு, அந்த வாரம் திருச்சியில் மகள் வீட்டில் போய் இருக்கலாமா என்று நிஜமாகவே கேட்டார்.

அந்தப் பேட்டியில், "விஞ்ஞானிகள் கையை விரித்துவிட்டார்கள்" என்று ஒரு வரி வருகிறது. தேதி கேட்டால் விரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் 2004-ல் நம்மை அடித்த சுனாமியைக் கிளப்பிய கடலடிப் பிளவைப் பற்றி அவர்கள் தோண்டி எடுத்திருப்பதில் கால்வாசியாவது உங்கள் பக்கத்தில் வந்திருக்க வேண்டாமா?

சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றுக்கு அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நுழைந்துகொண்டே இருக்கிறது. இரண்டும் உரசி மாட்டிக்கொண்டு நிற்கும் காலத்தில் மேல் தட்டின் விளிம்பும் சேர்ந்து கீழே இழுபடும், அதன் மேல் இருக்கும் தீவுகள் மெல்ல அமிழும். பிடி விட்டால் விளிம்பு துள்ளி எழும், அதன் மேல் இருக்கும் தீவும் எழும்; விளிம்பிலிருந்து தள்ளி இருக்கும் நிலமோ அமிழும். சரி, ஜிபிஎஸ் கருவி இல்லாத காலத்தில் தீவு அமிழ்ந்ததா எழுந்ததா என்று யார் அளந்தது? பவளம்தான்.

அங்கே ஆழமில்லாத கடலில் தட்டையான தலையோடு வளரும் ஒருவகைப் பவளம் உண்டு. கடல் மிகவும் வற்றும் மட்டத்துக்கு மேலே அதனால் உயிரோடு இருக்க முடியாது, அதனால் அந்த மட்டம் வரை வளர்ந்துவிட்டு அப்புறம் பக்கவாட்டில்தான் விரியும். நிலம் எழுந்தால் தலை வெளியே வந்து செத்துப்போகும், நீருக்குள் இருக்கும் கீழ்ப்பகுதி மட்டும் தொடர்ந்து வளர்ந்து, விளிம்பு வைத்த தொப்பி மாதிரி ஆகிவிடும். நிலம் அமிழ்ந்தாலோ மேலே இடம் கிடைக்கும், ஓரம் உயர்ந்து எழும். அமெரிக்கப் புவியியலாளர் கெர்ரி சீ, இந்தோனேசியாவின் டேனி ஹில்மன் நடவிஜாஜா ஆகியோரின் குழு சங்கிலி ரம்பத்தால் இந்தப் பவளத்தைப் பலகை பலகையாக அறுத்து, எக்ஸ்ரே எடுத்து, ஆண்டு வளையங்களை எண்ணியது. பவளத்திலுள்ள யுரேனியம் காலப்போக்கில் தோரியமாக மாறும், அதனால் எந்த நூற்றாண்டுப் பவளம் என்பதற்கு இரண்டின் அளவையும் பார்த்தார்கள். சுமத்ராவுக்கு மேற்கே உள்ள மெந்தவாய் தீவுகளில் 1797-லும் 1833-லும் வந்த பெரும் நிலநடுக்கங்கள் அப்படித்தான் பவளத்தில் அகப்பட்டன. 1833-ல் சில இடங்களில் நிலம் 2 மீட்டருக்கு மேல் எழுந்திருக்கிறது. இப்படியே பின்னோக்கிப் போய் 700 ஆண்டுக் கணக்கு எடுத்து, ஏறத்தாழ 200 ஆண்டுக்கு ஒருமுறை அங்கே பெரிய நடுக்கங்கள் கூட்டமாக வருகின்றன, 2007 செப்டம்பரில் வந்த 8.4 அளவு நடுக்கம் அடுத்த கூட்டத்தின் தொடக்கமாக இருக்கலாம் என்று 2008-ல் எழுதினார்கள்.

200 என்றவுடன் நம் பேட்டிக்காரர் காலண்டரை எடுத்துவிடுவார். அவருக்காகவே சுமத்ராவின் வடகோடியில் ஆச்சே கடற்கரையில் ஒரு குகை இருக்கிறது. பெரிய சுனாமி மட்டுமே அதற்குள் மணலை அள்ளிப்போடும், இடைப்பட்ட காலத்தில் வௌவால் எச்சம் அதன்மேல் படியும், அப்புறம் மறுபடி மணல். அந்த அடுக்குகளில் 7,400 ஆண்டு முன்பிலிருந்து 2,900 ஆண்டு முன்பு வரை 11 சுனாமிகள் தெரிந்தன. ஒரே நூற்றாண்டுக்குள் நான்கு வந்திருக்கின்றன, இன்னொரு சமயம் 2,000 ஆண்டு ஒன்றுமே இல்லை! இதில் எதை வைத்து நாள் குறிப்பது?

நாள்தான் சொல்ல முடியாதே தவிர, இடம் பற்றிச் சில சமயம் சொல்ல முடிகிறது. 2004 நடுக்கத்தால் பக்கத்துப் பகுதியில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று நிலநடுக்க ஆய்வாளர் ஜான் மெக்லாஸ்கியின் குழு கணக்குப் போட்டு 2005 மார்ச் 17 அன்று 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. மார்ச் 28 அன்று சுமத்ராவுக்கு மேற்கே நியாஸ் தீவுப் பக்கம் பிளவின் அடுத்த துண்டு உடைந்தது. அவர்கள் 28 என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன்.

நம் பக்கமும் இந்தக் கணக்கில் உண்டு. 2004-ல் நிக்கோபாரின் தென்கோடி இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் அமிழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. அந்தமானின் வடக்கு சென்டினல் தீவோ மேலே எழும்பிப் பவளத்திட்டுகள் வெயிலில் காய்ந்தன. தென்னிந்திய ஜிபிஎஸ் நிலையங்கள்கூட கிழக்கே ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நகர்ந்தன. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவும் நாசாவும் ஏவிய நிசார் செயற்கைக்கோள், 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வந்து ரேடாரால் நிலம் எவ்வளவு அசைந்தது என்று பார்க்கிறது. அதன் நீண்ட அலை மரக்கூட்டத்தை ஊடுருவித் தரைவரை போகும், அந்தமான் காடுகளுக்கு அது தோது. ராக்கெட் கிளம்பிய படத்தை முதல் பக்கத்தில் போட்டீர்கள். அது மேலே போய் என்ன செய்கிறது என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

தேதி சொல்பவர் மறுபடி வந்தால் பேட்டி எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எதை அளந்து இந்தத் தேதி வந்தது, எந்தக் கருவி, எந்த இடம் என்று மட்டும் கேட்டு, அவர் சொல்லும் பதிலை அப்படியே அச்சிடுங்கள்.

– ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், நாகப்பட்டினம்