ஆத்துக்கு நடுவுல ரெண்டு வரப்பு

கொழிஞ்சாம்பாறை,
ஞாயித்துக்கெழமை ராத்திரி

பங்காளி,

உன்ற மக சீருக்கு வரலீன்னு என்னை வண்டி வண்டியாத் திட்டியிருப்ப. திட்டிக்க. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டக்கூட நேரமில்லீன்னு சொன்னா நீ நம்பமாட்ட, அதனால சொல்லல. அம்மா சுகம். எருமை கன்னு போட்டிருக்குது. மணியகாரர் அந்த 75 ரூவாயை இன்னும் குடுக்கல.

நாடகம் போன வாரம் அரங்கேறிடுச்சு. அதைச் சொல்லத்தான் எழுதறேன். போன்ல சொன்னா நீ பாதியிலயே சிரிச்சுக் கெடுத்துருவ.

மொதல்ல உன்ற மேல இருக்கற கோவத்தைக் கொட்டிடறேன். இருவது வருசமா எடிட்டிங் டேபிள்ல உக்காந்திருக்கறவன், மேடைக்குப் பின்னால ஓடற ஆத்து வீடியோவை 5184 பிக்சல் அகலத்துக்கு ஒரே ஃபைலா, அதுவும் எச்.264-ங்கற சுருக்கற முறையில அனுப்பி வைக்கலாமாடா? கல்யாண வீடியோவா இது? அந்த வகை ஃபைல்ல ஒவ்வொரு ஃபிரேமும் முழுசா இருக்காது, முன்னதுக்கும் பின்னதுக்கும் என்ன வித்தியாசமோ அதுதான் இருக்கும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவனே நீதான். மொதல்ல இருந்து கடைசிவரைக்கும் பாக்கறதுக்கு அது போதும். நடுவுல நிறுத்தி, பின்னால குதிச்சு, மறுபடி ஓட விட்டா லேப்டாப்புக்கு மூச்சு வாங்குது. அதுபோக நெறைய கிராஃபிக்ஸ் கார்டு 4096-க்கு மேல அகலமான எச்.264-ஐ எடுத்துக்கறதில்ல. பாரம் மொத்தமும் பிராசசர் தலையில. ஒத்திகையிலயே ஃபேன் ரைஸ்மில் மாதிரி எரைஞ்சுச்சு.

திரை 30 அடி, ஒசரம் ஆறேகால். மூணு புரொஜெக்டரும் மேல கம்பியில. ஒண்ணோட படம் இன்னொண்ணு மேல 288 பிக்சல் ஏறி நிக்கோணும், அந்த ஏறுன எடத்துல ரெண்டோட வெளிச்சத்தையும் கொறைச்சுக்கிட்டே போய்க் கலக்கோணும். நான் மொதல்ல நேர்கோடாக் கொறைச்சேன். சேர்ற எடம் ரெண்டும் இருட்டடிச்சுப் போச்சு. ஒரு ராத்திரி முழுக்க மண்டையை ஒடைச்சதுக்கப்புறம்தான் வெளங்குச்சு: முழு வெளிச்சத்துக்கு 255-ன்னா, அதுல பாதின்னு 128 வச்சா பாதி வெளிச்சம் வராது, கால்வாசிகூடத் தேறாது. 186 வச்சாத்தான் சரிபாதி. எண்ணு ஏறற கணக்குல வெளிச்சம் ஏறாதுங்கற அந்தக் காமாவைப் பத்தி நீ ஆயிரம் தடவ சொல்லியிருப்ப, அந்த நேரத்துக்கு எவனுக்கு ஞாபகம் வருது.

அது சரியாச்சு. பகல் காட்சியில ஆறு ஒரே துணியில ஓடுன மாதிரி ஓடுச்சு. ராத்திரிக் காட்சி ஆறு வந்துச்சு பாரு, மானம் போச்சு. கறுப்பைக் காட்டுன்னு சொன்னாலும் புரொஜெக்டர் கொஞ்சம் வெளிச்சத்தைக் கசிய விட்டுட்டேதான் இருக்குது. படத்தை நாம கொறைக்கலாம், கசிவை எதை வச்சுக் கொறைக்கறது? ரெண்டு கசிவும் சேர்ற எடத்துல சாம்பல் நெறத்துல ரெண்டு பட்டை, மேலிருந்து கீழ வரைக்கும். முன்வரிசையில ஒரு பெரியவரு சத்தமாவே கேட்டாரு: "ஏனுங்க, ஆத்துக்கு நடுவுல எவன் வரப்புக் கட்டுனது?" கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்குது. தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் தண்ணித் தகராறு நாடகம் பாரு, அது வசனம்னே பாதிப்பேரு நெனைச்சுட்டாங்க.

விளக்கு மொத்தமா அணையற காட்சிகளுக்கு மட்டும் ஒரு வழி பண்ணினேன். லென்சுக்கு முன்னால அட்டை மூடி, அதுல நூல் கட்டி, நம்ம டீக்கடைப் பையன் மறைவுல நின்னு மூணையும் ஒரே இழுப்புல இழுப்பான். கும்மிருட்டு. உன்ற மக பத்திரிகை அட்டை நல்ல கெட்டி. அதுவும் இன்னும் ரெண்டு பத்திரிகையும் அதுக்கே போச்சு. கோவிச்சுக்காத. பிள்ளையார் படம் லென்ஸ் பக்கம் வராமத்தான் ஒட்டினேன்.

இத்தனையும் பொறுத்துக்குவேன். வாத்தியார் சமாச்சாரம்தான் நெஞ்சுல நிக்குது.

கடைசிக் காட்சி உனக்குத் தெரியும். மடைக்காரக் கெழவனா வாத்தியார். "1970-ல ரெண்டு சர்க்காரும் கையெழுத்துப் போட்டாங்க, மணக்கடவு அணைக்கட்டுல கேரளாவுக்கு 7.25 டிஎம்சி விடறோம்னு. தாள்ல அளந்த தண்ணிக்குத் தாகம் தெரியுமா?"ன்னு கேட்டு, கொஞ்சம் நிறுத்தி, ஷட்டரைத் திருகோணும். திருகினதும் திரை முழுக்க வெள்ளம். ஒத்திகையில அந்த நிறுத்தம் எப்பவும் பத்து வினாடிதான். அன்னைக்கு நிறுத்தினவரு நிறுத்தினவருதான். நான் ஏற்கெனவே வெள்ள வீடியோவைத் தட்டி விட்டுட்டேன். இருவது, முப்பது, நாப்பது வினாடி. கெழவன் கை ஷட்டர் மேலயே இருக்குது, வெள்ளம் பாட்டுக்கு அவரைத் தாண்டி ஓடுது. யாரோ விசிலடிச்சாங்க. அவரு திரும்பித் தண்ணியைப் பாத்தாரு. அப்புறம் மெதுவா, ஓடி முடிஞ்ச தண்ணிக்கு, ஷட்டரைத் திருகினாரு.

உள்ள வந்து துண்டால மொகத்தைத் தொடைச்சுக்கிட்டு, "கண்ணு, டீ வருமா"ன்னாரு. வேற ஒரு வார்த்தை இல்ல.

மறுநா ராத்திரி என்னை வண்டியில ஏத்திக்கிட்டு ஒரு பகவதி கோயிலுக்குத் தோல்பாவைக் கூத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. கூத்து நடக்கற மேடை, அந்தக் கூத்துமாடம் 42 அடி நீளம், நம்ம திரையை விட 12 அடி கூட. பின்னால தேங்காய் மூடியில எண்ணெய் ஊத்தி 21 விளக்கு வரிசையா. ஒரு விளக்கோட வெளிச்சம் எங்க முடியுது, அடுத்தது எங்க தொடங்குதுன்னு கண்ணை வச்சுத் தேடினேன், கிடைக்கல. நான் 186, 128-ன்னு முட்டிக்கிட்டது அங்க தானா நடக்குது. முன்னால பாக்க ஆள் மொத்தம் அஞ்சு பேரு, அதுல ஒருத்தர் தூக்கம். தாரிகனைக் கொல்லப் போனதுல ராவண யுத்தத்தைப் பாக்க முடியாமப் போன பத்ரகாளிக்குத்தானே கூத்து, அதனால கூத்து நடத்தற புலவருக்கு ஆளைப் பத்திக் கவலையே இல்ல. கம்பர் பாட்டு ஒண்ணைச் சொல்லிட்டு அதுக்கு வியாக்கியானம், வியாக்கியானத்துக்குள்ள ஒரு கதை. அவரு முடிக்கற வரைக்கும் பாவை அப்படியே நிக்குது. வாத்தியார் பாவையைப் பாக்கவே இல்ல. விளக்குக்கு எண்ணெய் ஊத்தற பையனையே பாத்துக்கிட்டிருந்தாரு. "இவன் கையில கடிகாரம் இல்ல, பாத்தியா"ன்னாரு.

அதனால வெள்ளத்தை மூணு துண்டாக் குடு. தேங்கின தண்ணி இருவது வினாடி, முடிவும் தொடக்கமும் ஒட்டறாப்புல, எத்தனை தடவ சுத்தினாலும் தெரியக்கூடாது. அடுத்தது கசியற தண்ணி, அதுவும் அதே மாதிரி. வெள்ளம் தனி. அவரு திருகினா நான் தட்டறேன். எல்லாம் ஹேப்ங்கற வீடியோ வகையில. ஃபிரேமுக்கு ஃபிரேம் தனியா இருக்கும், வேலையைக் கிராஃபிக்ஸ் கார்டு பாத்துக்கும். நிமிசத்துக்கு நாலு ஜிபி பக்கம் வரும், எஸ்எஸ்டியிலயே குடு. அகலம் நாலால வகுபடோணும், 5184 வகுபடும், நீ கை வைக்காத. ராத்திரி ஆத்துல முழுக் கறுப்பு வேண்டாம். ஒரு நெலா வெளிச்சம் தண்ணி மேல முழுக்க மெதந்தா பட்டை அதுக்குள்ள அமுங்கிடும்.

ஆனா ஒண்ணு பங்காளி. அன்னைக்கு அவரு நிறுத்தினாரா, மறந்தாரா? எனக்குத் தெரியல. புதன்கெழமை பேக்கரியில அந்த மாட்டுவண்டிக் கதையைச் சொன்னாரு. டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள மறுபடி மொதல்ல இருந்து சொன்னாரு. நான் சிரிச்சேன், ரெண்டு தடவயும். இந்தச் சுத்தற தண்ணி வந்துட்டா அவரு எத்தனை நேரம் நின்னாலும் வெளிய தெரியாது. பாக்கறவங்களுக்குத் தெரியாட்டிப் பரவால்ல. எனக்கும் தெரியாமப் போயிருமேன்னுதான் இருக்குது. அவரு மகன்கிட்டச் சொல்றதா வேண்டாமான்னு நாலு நாளா ரோசனை.

நீ ஒரு தடவ போன் பண்ணு அவருக்கு. சும்மா பேசு, நாடகத்தைப் பத்தி எடுக்காத. ஒரே கதை ரெண்டு தடவ வருதான்னு மட்டும் பாத்து எனக்குச் சொல்லு.

அடுத்த ஆட்டம் பங்குனியில, அவரு ஊர்லயே. எஸ்எஸ்டியை நம்ம பஸ் கண்டக்டர்கிட்டக் குடுத்து விடு, தனிக் கவர்ல. போன தடவ முறுக்கோட போட்டு அனுப்பி, யூஎஸ்பி ஓட்டையில இருந்து எள்ளு எடுக்கவே எனக்கு அரை நாள் ஆச்சு. முறுக்கும் அனுப்பு, அது வேற பையில.

உன்ற
பங்காளி