யோவான்கள் 23 பேர் இல்லை: மறைக்கல்வி வினாத்தொகுப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அருள்தந்தையர்க்கும் அருள்சகோதரியர்க்கும் குழுவின் மற்ற உறுப்பினர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்.

எந்தக் கேள்வியைப் பற்றி எழுதுகிறேன் என்பது உங்களுக்கே தெரியும். மறைக்கல்வித் தேர்வின் திருச்சபை வரலாற்றுப் பகுதியில், யோவான் என்ற பெயரில் எத்தனை திருத்தந்தையர் இருந்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். விடைக்குறிப்பில் 23. எங்கள் பங்கிலிருந்து வந்த பத்தாம் வகுப்புப் பிள்ளை 21 என்று எழுதினாள். எழுதியதோடு நிற்காமல், கேட்டால் சொல்ல வேண்டுமே என்று, கீழே பொடி எழுத்தில் "16 எதிர்த்திருத்தந்தை, 20 கிடையாது" என்று காரணமும் போட்டிருந்தாள். (எதிர்த்திருத்தந்தை என்றால், போட்டியாக அந்தப் பதவியைப் பிடித்து, திருச்சபை ஏற்காமல் விட்டவர்.) அந்த வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் "கேட்டதற்கு மட்டும் பதில் எழுதவும்" என்று ஒரு குறிப்பு. மேல்முறையீடு செய்தோம், விடைக்குறிப்பே இறுதியானது என்று பதில் வந்தது.

மதிப்பெண் போனது போகட்டும், பரிசும் போகட்டும். "அப்போ அடுத்த தடவை 23னே எழுதிடவா சார்?" என்று அவள் கேட்டாள். அதற்கு நான் என்ன சொல்வது? சம்பளம் இல்லாமல் ஞாயிறு காலையில் வந்து பாடம் எடுக்கிற ஒருவன், பொய் என்று தெரிந்தே எழுது, அப்போதுதான் மார்க் வரும் என்று சொல்லித் தர வேண்டுமா? அதுவும் மறைக்கல்வி வகுப்பில்? எனக்கு வாய் வரவில்லை. ஆகவே உங்களையே கேட்கிறேன். விடைக்குறிப்பைத் திருத்துங்கள். அடுத்த பதிப்பில் திருத்தந்தையர் பட்டியலுக்குப் பக்கத்திலேயே அந்தந்தக் காலத்துப் பேரரசர்களின் பெயரையும் அச்சிடுங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான்.

பேரரசர் எதற்கு இங்கே வருகிறார் என்று நினைப்பீர்கள். இந்த யோவான்களின் எண்கள் குழம்பிப்போனதே பேரரசர்களால்தான்.

20ஆம் யோவான் எங்கே போனார்? 983ல் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஓட்டோ, பாவியா நகர ஆயரைக் கொண்டுவந்து ரோமில் 14ஆம் யோவானாக உட்கார வைத்தார். அதே டிசம்பரில் ஓட்டோ ரோமிலேயே இறந்துபோனார். மகன் மூன்றாம் ஓட்டோவுக்கு வயது மூன்று. காவலுக்கு ஆள் இல்லை என்றதும், ஏற்கெனவே விரட்டப்பட்டிருந்த எதிர்த்திருத்தந்தை ஏழாம் போனிஃபாஸ் கான்ஸ்டாண்டினோபிளிலிருந்து திரும்பி வந்து, யோவானைப் பிடித்து சான்ட் ஆஞ்செலோ கோட்டையில் அடைத்தார். 984ல் அங்கேயே அவர் செத்தார். பட்டினியால் என்றும் சொல்கிறார்கள், விஷத்தால் என்றும் சொல்கிறார்கள். ஏடுகளில் அவர் ஆட்சி செய்த மாதங்களைத் தனியாகவும் சிறையில் கிடந்த மாதங்களைத் தனியாகவும் குறித்து வைத்திருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, இரண்டு கணக்கு இருக்கிறதே, அப்படியென்றால் இரண்டு யோவான்கள் இருந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்தக் குழப்பத்தில்தான் 1276ல் வந்தவர் 20ஐத் தாண்டி 21ஆம் யோவான் என்று பெயர் வைத்துக்கொண்டார். (மருத்துவம் படித்தவர், பாவம், விட்டெர்போவில் தன் படிப்பறையின் கூரை இடிந்து விழுந்து அடுத்த வருடமே இறந்தார்.) ஒரு மனிதன் இருட்டறையில் கிடந்த நாலு மாதத்தை நாம் இன்னொரு திருத்தந்தையாக எண்ணிக்கொண்டிருக்கிறோம், ஐயா. உங்கள் விடைக்குறிப்பும் எண்ணுகிறது.

16ஆம் யோவான் கதை இதைவிட மோசம். மூன்றாம் ஓட்டோ வளர்ந்து வந்து, 996ல் தன் உறவினரான இளைஞர் ஒருவரை ஐந்தாம் கிரகோரி என்ற பெயரில் திருத்தந்தையாக்கி, அவர் கையாலேயே முடியும் சூட்டிக்கொண்டார். பேரரசர் ஊரைவிட்டுப் போனதும் ரோமின் பெருந்தலை கிரசென்சியுஸ், கிரகோரியைத் துரத்திவிட்டு, கலாப்ரியாவைச் சேர்ந்த கிரேக்கத் துறவி ஃபிலகாத்தோஸை 16ஆம் யோவான் என்று அமர்த்தினார். இந்த ஃபிலகாத்தோஸ் வெளியாள் இல்லை, ஓட்டோவின் தாய் தியோஃபனுவின் ஆதரவில் மேலே வந்தவர். 998ல் ஓட்டோ படையோடு திரும்பினார். தப்பி ஓடிய ஃபிலகாத்தோஸைப் பிடித்துக் கண்களைப் பிடுங்கினார்கள், மூக்கையும் நாக்கையும் அறுத்தார்கள். அவருடைய ஊர்ப்பக்கத்துத் துறவி, தள்ளாத வயதுப் புனித நீலுஸ், அவரை என்னிடம் விட்டுவிடுங்கள் என்று ரோம் வரை வந்து கெஞ்சினார். அப்படியும் விடவில்லை. கழுதை மேல் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்து ரோம் தெருக்களில் ஊர்வலம் விட்டார்கள். கிரசென்சியுஸுக்குத் தலை போயிற்று.

இவரைத் திருச்சபையே திருத்தந்தையாக ஏற்கவில்லை. எண் மட்டும் வரிசையில் தங்கிவிட்டது. 23ல் இவரைக் கழித்தால் 22, இல்லாத 20ஆம் யோவானைக் கழித்தால் 21. இந்தக் கழித்தலைத்தான் அந்தப் பிள்ளை செய்தாள், அதைத்தான் நீங்கள் சிவப்பு மையில் அடித்தீர்கள்.

23ஆம் யோவானும் முதலில் வேறொருவர்தான். ஒரே நேரத்தில் மூன்று பேர் நான்தான் திருத்தந்தை என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், பீசா நகரில் கூடிய சங்கத்தின் தரப்பில் பல்தசாரே கொஸ்ஸா அந்தப் பெயரை வைத்திருந்தார். ஜெர்மானிய அரசர் சிகிஸ்முண்ட் நெருக்கியதால் அவரே கான்ஸ்டன்ஸ் நகரில் திருச்சபையின் பொதுச்சங்கத்தைக் கூட்டினார். 1415 மார்ச்சில் காற்று தனக்கு எதிராக அடிக்கிறது என்று தெரிந்ததும் மாறுவேடத்தில் ஓடினார், பிடிபட்டார், மே மாதம் பதவி பறிக்கப்பட்டது. ஃபிளாரன்சில் அவருக்கு தொனாத்தெல்லோவும் மிக்கெலோஸ்ஸோவும் செய்த அருமையான கல்லறை இருக்கிறது, "ஒரு காலத்தில் பாப்புவாக (திருத்தந்தையாக) இருந்த 23ஆம் யோவான்" என்று எழுதி. ஆஞ்செலோ ரொன்கால்லி 1958ல் திருத்தந்தையானபோது அதே பெயரையும் அதே எண்ணையும் எடுத்துக்கொண்டார். வெட்கப்பட்டு ஒளித்து வைக்கவில்லை, எடுத்துப் பயன்படுத்தினார். நாம் இன்று தமிழில் திருப்பலி காண வழி திறந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டியவர் அவர்தான். அவருக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

உங்கள் பாடநூலில் பேரரசர்களே இல்லை என்றும் சொல்ல முடியாது, ஒருவர் இருக்கிறார். 1077 சனவரி, கனோசா கோட்டை வாசல், திருத்தந்தை ஏழாம் கிரகோரியின் மன்னிப்புக்காகப் பனியில் மூன்று நாள் வெறுங்காலோடு நிற்கும் நான்காம் ஹென்றி, முழுப்பக்கப் படம். நல்ல படம்தான். அதே ஹென்றி 1084ல் ரோமுக்குள் நுழைந்து, தன் ஆளான எதிர்த்திருத்தந்தை மூன்றாம் கிளமெந்து கையால் முடிசூட்டிக்கொண்டதும், அவரை மண்டியிட வைத்த ஏழாம் கிரகோரி அடுத்த ஆண்டு ரோமுக்கு வெளியே சலேர்னோவில் இறந்ததும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? நாம் ஜெயித்த காட்சிக்கு மட்டும் வண்ணப்படமா?

சரி, அதுவெல்லாம் பழங்கதை என்பீர்கள். புதுநன்மைக்குத் தயாராகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்தாம் பயஸ் பெயரைச் சொல்லித் தருகிறோம், சின்னப் பிள்ளைகளும் நற்கருணை வாங்கலாம் என்று 1910ல் வழி செய்தவர் என்று. அவர் தேர்வான 1903 கான்கிளேவில் (திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்களின் கூட்டத்தில்) கர்தினால் ரம்பொல்லாவுக்கு நிறைய வாக்குகள் விழுந்துகொண்டிருந்தபோது, கிராக்கோவின் கர்தினால் புசினா எழுந்து, ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசேப்பு இவர் வேண்டாம் என்கிறார் என்று அறிவித்தார். அந்தத் தடை இல்லாவிட்டாலும் பத்தாம் பயஸே வந்திருப்பார் என்று சொல்பவர்கள் உண்டு, இருக்கலாம். ஆனால் பதவிக்கு வந்தவர் மறு வருடமே, இனி எந்த அரசரின் தடையையும் கான்கிளேவுக்குள் கொண்டுவந்தால் சபைநீக்கம் என்று சட்டம் போட்டார். அரசர் தலையீட்டை ஒழித்தவர் என்று அவரைப் பெருமையாகச் சொல்லலாமே! அதற்கு முதலில் தலையீடு இருந்தது என்று சொல்ல வேண்டும், அங்கேதான் நமக்குச் சிக்கல்.

இதே போக்கில் போனால் அடுத்த வருடம், பேதுரு முதல் பதினான்காம் லியோ வரை எத்தனை பேர் என்று கேட்டு 267 என்று விடை போடுவீர்கள். லியோ 267ஆவது என்பது சரி. ஆனால் அந்த எண்ணில் ஒன்பதாம் பெனடிக்ட் மூன்று தடவை வருகிறார், மூன்று முறை பதவிக்கு வந்ததால். ஆட்களை எண்ணினால் 265. ஒரு தடவை அவர் பதவியைப் பணத்துக்குக் கைமாற்றிவிட்டுப் போனவர். அந்தக் கூத்தை முடித்துவைக்க 1046ல், விரைவில் பேரரசராக முடிசூட இருந்த மூன்றாம் ஹென்றி வந்துதான் சூத்ரியில் சங்கம் கூட்ட வேண்டியிருந்தது. யாராவது ஒரு பிள்ளை 265 என்று எழுதினால் அதற்கும் சிவப்புக் கோடுதானா?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். நீங்களும் விடுமுறை நாள்களைக் கொடுத்துத்தான் இந்தப் பணியைச் செய்கிறீர்கள் என்று தெரியும். பிள்ளைகளின் விசுவாசம் ஆட்டம் கண்டுவிடும் என்ற பயமும் புரிகிறது. ஆனால் இன்றைய பிள்ளை போனில் ஒரு நிமிடத்தில் 16ஆம் யோவானைத் தேடி எடுத்துவிடுகிறது. அதை முதலில் நம் வாயால் கேட்கட்டும்.

ஆகவே தயவுசெய்து, யோவான் கேள்விக்கு 21 என்ற விடையும் சரி என்று எல்லாப் பங்குகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அடுத்த வினாத்தொகுப்பு அச்சுக்குப் போகுமுன், பட்டியலில் பேரரசர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். யார் யாரை அமர்த்தினார், யார் யாரைச் சிறையில் போட்டார் என்று ஆளுக்கு ஒரு வரி போதும். தட்டச்சு செய்ய ஆள் இல்லையென்றால் நான் செய்து தருகிறேன், பிழை திருத்த அந்தப் பிள்ளையையே அழைத்து வருகிறேன். பரிசைத் திருப்பிக் கேட்கவில்லை. அவள் விடைத்தாளில் அந்தச் சிவப்புக் கோட்டை மட்டும் அடித்துவிட்டு, பக்கத்தில் உங்களில் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும்.

பணிவுடன்,
ஒரு மறைக்கல்வி ஆசிரியர்