மாஸ்டர்ஸ் முடித்தால் கறுப்புக் கோட்டு மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சட்டத்தில் மாஸ்டர்ஸ் முடித்த பிள்ளைகளிடம் "எப்போது கோர்ட்டுக்குப் போகப்போறே?" என்று கேட்பது எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டது. முதுகலைப் பட்டம் மட்டும் யாரையும் வழக்கறிஞர் ஆக்கிவிடாது. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட அடிப்படைச் சட்டப் பட்டம் வேண்டும். வெளிநாட்டில் படித்த பலருக்கு சிஎல்பி எனும் வழக்கறிஞர் தகுதித் தேர்வும் உண்டு. அப்புறம் 9 மாத சேம்பரிங், அதாவது மூத்த வழக்கறிஞரிடம் தொழில் பயிற்சி.

மாஸ்டர்ஸ் கைகொடுப்பது வேறு இடங்களில். விரிவுரையாளர் பணி, வங்கிகளின் சட்டப் பிரிவு, ஆசிய அனைத்துலக நடுவர் மையம் இயங்கும் கோலாலம்பூரில், நீதிமன்றத்துக்கு வெளியே தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் தீர்ப்புத் துறை என்று வழிகள் இருக்கின்றன.

என்னைக் கேட்டால் தொழிலாளர் சட்டத்தையே சொல்வேன். நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவர், 1967ஆம் ஆண்டு தொழில்துறை உறவுச் சட்டப்படி 60 நாளுக்குள் முறையிட வேண்டும். தோட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இதை ஆழமாகப் படித்தவருக்குத் தொழிற்சங்கத்திலும் வேலை உண்டு, நிறுவனங்களின் மனிதவளப் பிரிவிலும் வேலை உண்டு. சங்கத்தில் சம்பளம் குறைவாக இருக்கலாம், சரி.

ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வு முடிவு வரும்போது மருத்துவம், பொறியியல் என்றே எழுதாமல் இவற்றையும் உங்கள் கல்விப் பக்கத்தில் போடலாமே.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்