முழங்கால் விஷயம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அக்கா வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது, விவரம் அப்புறம் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தோம். பாரத்தைச் சுமந்தபடி உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட்டை, நீ பயிற்சி கொடுக்கிற பையன்களுக்குச் செய்து காட்டுகிறாய். "இன்னும் என்னமாய்த் தூக்குகிறான் பார்!" என்று அப்பா அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். எனக்கும் பெருமைதான். ஆனால் எழுந்திருக்கும்போது உன் இடுப்பு வலப்பக்கம் ஒதுங்குகிறது. இடது காலில் பாரமே இறங்கவில்லை. அப்பா கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போனில் கேட்டால் "வேலை அதிகம்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். சரி, உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. உன் பையன்களைப் பற்றியே பேசுகிறேன்.

முழங்காலுக்குள் இருக்கிற ஏ.சி.எல். என்ற தசைநார் அறுந்து ஆபரேஷன் ஆன அந்தப் பையனை ஒன்பது மாதம் முடியாமல் மைதானத்தில் இறக்கமாட்டேன் என்று கோச்சிடம் மல்லுக்கு நின்றாயே! அந்த ஒன்பது மாதம்வரை தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் மறுபடி அடிபடுகிற ஆபத்தை ஏறக்குறைய பாதியாக்கும் என்று 2016-இல் வந்த ஆராய்ச்சியை எடுத்துச் சொன்னாய். மாதக்கணக்கு மட்டும் போதாது, அந்தக் காலின் தொடை பலம் மற்றக் காலின் பலத்தில் 90 சதவீதமாவது வரவேண்டும் என்றாய். வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். நீ விளையாடிய காலத்தில் அடிபட்ட உன் காலுக்கு யாரப்பா இந்தக் கணக்குப் பார்த்தது? ஆறாவது மாதமே ஊசி போட்டு இறக்கிவிட்டார்கள். நீயும் வாயைத் திறக்கவில்லை. அப்போது காண்ட்ராக்ட் பயம். இப்போது என்ன பயம்?

தயவுசெய்து பாரத்தைக் குறை.

நார்டிக் பயிற்சி நன்றாக இருந்தது. மண்டியிட்டு, கணுக்காலை ஒருவன் அழுத்திப் பிடித்துக்கொள்ள, உடம்பை வளைக்காமல் மெல்ல மெல்ல முன்னால் சாய்வது. ஒழுங்காகச் செய்தால் தொடையின் பின்பக்கத் தசைக் காயம் பாதியாகக் குறையுமாமே. அப்பா மெத்தையில் செய்து பார்க்கிறேன் என்று குப்புற விழுந்தார். ஒன்றும் ஆகவில்லை.

உன் மனைவியை எதுவும் கேட்காதே, அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன தடவை வந்தபோது உன் பையில் இருந்த வலி மாத்திரை அட்டையை நானேதான் பார்த்தேன். பாதி காலி. மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வருகிற பையனை நீ விடுவாயா? வலியை அடக்கினால் கால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை என்று அவனுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுப்பாய். பந்து விளையாடி அடிபட்ட முழங்கால் சீக்கிரம் தேயும் என்பதும் நீ சொன்னதுதான். பிள்ளை இவ்வளவு படித்துவிட்டான் என்று பூரிப்பதா, தனக்கு மட்டும் எதுவும் தெரியாத மாதிரி இருக்கிறானே என்று கோபப்படுவதா?

பயிற்சி கொடுப்பவனே தூக்கிக் காட்டினால்தான் பையன்களுக்கு மரியாதை வரும் என்பாய். நீ விளையாடியதை அவர்கள் பார்த்தவர்கள்தானே! வாயால் சொல், அவர்களில் ஒருவனைச் செய்யச் சொல். பாரத்தைக் குறை.

இந்த வாரமே டாக்டரைப் பார்த்துவிடு. "நல்லா இருக்கேம்மா" என்று ஒரு வரி அனுப்பினால் ஏற்கமாட்டேன், ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பு. அப்பா போனுக்கு வேண்டாம், என் போனுக்கு.

அன்புடன்,
அம்மா